பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்): சேர்வதற்கு முன்பும் படிக்கும் நாலு வருஷமும்

ஒரு ரிப்போர்ட். பொட்டாசியம் 9.8, கால்சியம் 3.1, அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் 12. நோயாளியோ ஓ.பி. வரிசையில் நின்று பக்கத்து ஆளிடம் கதை பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் பொட்டாசியம் உண்மையானால் இதயத் துடிப்பே தடுமாறியிருக்கும். அந்தக் கால்சியம் உண்மையானால் கைவிரல்கள் இழுத்துக்கொண்டிருக்கும். மெஷினில் கோளாறில்லை, பரிசோதனை ரசாயனமான ரீஏஜென்ட் சரி, அளவு முன்பே தெரிந்த சாம்பிளான கன்ட்ரோலும் சரி. நடந்தது இதுதான்: லாவெண்டர் மூடி டியூபில் அளவுக்கு மேல் ரத்தம் விட்டவர், கூடுதலாக இருந்ததைச் சிவப்பு மூடி டியூபில் ஊற்றிவிட்டார். லாவெண்டர் டியூபில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. உப்பு. அதன் பொட்டாசியம் நோயாளியின் கணக்கில் ஏறியது. ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது. துத்தநாகமும் மக்னீசியமும் பறிபோனதால் ஃபாஸ்ஃபடேஸ் நொதி வேலை செய்யவில்லை.

மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்ததும் "இது ஈ.டி.டி.ஏ. கலந்த சாம்பிள்" என்று சொல்லத் தெரிந்தவர்தான் லேப் டெக்னாலஜிஸ்ட். பொத்தானை அழுத்தி எண்ணை எடுக்கச் சில மாதப் பயிற்சி போதும். எந்த எண்ணை வெளியே விடக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் நாலு வருஷம். கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வேலைக்கு விண்ணப்பிப்பது வரை இந்த ஒன்றை மனதில் வைத்துப் படித்தால் போதும்.

எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி

தமிழ்நாட்டில் இதற்கு மூன்று வாசல்கள் உண்டு: ஒரு வருடச் சான்றிதழ் படிப்பு, இரண்டு வருட டிப்ளமோ என்கிற டி.எம்.எல்.டி., பி.எஸ்சி. எம்.எல்.டி. பட்டம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கும் பட்டப்படிப்பு மூன்று வருட வகுப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்தது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும். அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பாராமெடிக்கல் படிப்புகளுக்கென்று தனியாக ஆன்லைன் விண்ணப்பம் வாங்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணில் தரவரிசை போடுகிறது. எம்.பி.பி.எஸ். கவுன்சலிங் பரபரப்பில் இந்தத் தேதியைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர்.

பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி ஆகியவை வேறு. நல்ல படிப்புகள்தான், ஆனால் நோயாளி சாம்பிளில் கை வைக்கும் பயிற்சி அவற்றில் இல்லை. மருத்துவமனை வேலைக்கு அவை எம்.எல்.டி.க்கு ஈடாக ஏற்கப்படும் என்று யாராவது சொன்னால் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். அஞ்சல்வழி எம்.எல்.டி. பற்றி ஒரே வரி: தபாலில் ஊசி குத்த நரம்பு கிடைக்காது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் இந்தத் தொழிலும் பதிவுக்குள் வருகிறது. அங்கீகாரம் இல்லாத சான்றிதழின் மதிப்பு இனி இன்னும் குறையும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கேட்க வேண்டியவை வேறு. சொந்த மருத்துவமனை உண்டா? லேபுக்கு நாளொன்றுக்கு எத்தனை சாம்பிள் வருகிறது? ரத்த வங்கி, மைக்ரோபயாலஜி (கிருமிப் பரிசோதனை), ஹிஸ்டோபேத்தாலஜி (திசுப் பரிசோதனை) மூன்றும் ஒரே வளாகத்தில் உள்ளனவா? மாணவர்கள் தாங்களே ரத்தம் எடுக்கிறார்களா, சுற்றி நின்று பார்க்கிறார்களா? பத்து மாணவர்களுக்கு எத்தனை மைக்ராஸ்கோப்? இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். நாளைக்கு நாற்பது சாம்பிள் வரும் இடத்தில் நாலு வருஷம் இருந்தாலும் மலேரியா ஸ்லைடு ஒன்றைக்கூடப் பார்க்காமல் வெளியே வர நேரலாம்.

முதல் வருஷம்: பைப்பெட்டும் கணக்கும்

அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்று பாடம் கனமாக இருக்கும். ஆனால் அந்த வருஷத்தில் கைக்கு வர வேண்டியது மைக்ரோலிட்டர் அளவில் திரவம் எடுக்கும் மைக்ரோபைப்பெட். பயிற்சிக்குத் தண்ணீரும் துல்லியத் தராசும் போதும். 1000 மைக்ரோலிட்டர் தண்ணீர் நம் ஊர் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 0.996 கிராம் இருக்கும். பத்து முறை எடுத்து, பத்து முறை நிறுத்து எழுதுங்கள். சராசரி, எஸ்.டி. (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) இரண்டையும் போட்டு, எஸ்.டி.யைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். இதுதான் சி.வி. என்கிற சிதறல் சதவீதம். அது ஒன்றுக்குக் கீழே வரும்வரை விடாதீர்கள்.

வராததற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. கட்டை விரலைப் படக்கென்று விட்டால் காற்றுக் குமிழி ஏறும். டிப்பை ஆழமாக முக்கினால் வெளிச்சுவரில் திரவம் ஒட்டி வரும். 2, 3 மில்லிமீட்டர் ஆழம் போதும். உறிஞ்சும்போது முதல் தடையைத் தாண்டி இரண்டாம் தடை வரை அழுத்திவிட்டால் அளவு கூடும். இவை சின்ன விஷயங்களாகத் தோன்றும். ஆனால் சர்க்கரைப் பரிசோதனையில் 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்டுக்குச் சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் நீர்) வெறும் 10 மைக்ரோலிட்டர். டிப்பின் வெளியே 1 மைக்ரோலிட்டர் ஒட்டியிருந்தால் அங்கேயே பத்து சதவீதம் பிழை. 120 என்று வர வேண்டியது 132 ஆகிவிடும்.

டியூபை வேகமாகச் சுற்றி ரத்தத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. "மூவாயிரத்துல பத்து நிமிஷம் சுத்து" என்று எல்லா லேபிலும் சொல்வார்கள். ரோட்டரின் ஆரம் தெரியாமல் அந்த மூவாயிரத்துக்குப் பொருளில்லை. சுழல் விசையைக் காண, 0.00001118-ஐச் சென்டிமீட்டரில் உள்ள ஆரத்தாலும் ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தாலும் பெருக்க வேண்டும். ஆரம் 10 செ.மீ. என்றால் 3000 ஆர்.பி.எம். தருவது சுமார் 1006 ஜி. ஆரம் 15 செ.மீ. என்றால் அதே வேகம் 1509 ஜி. டியூப் கம்பெனி கேட்பது ஜி கணக்கில். உங்கள் லேபில் உள்ள சென்ட்ரிஃப்யூஜின் ஆரத்தை ஸ்கேலால் அளந்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மூடியில் ஒட்டுங்கள்.

மைக்ராஸ்கோப்பில் முதல் வாரமே பழக வேண்டியது ஸ்லைடுக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சர். நிறமேற்றாத சிறுநீர்ப் படிவைப் பார்க்கும்போது அதை இறக்கி வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறுநீரகக் குழாயில் உருவாகும் ஒளி ஊடுருவும் அச்சான ஹயலைன் காஸ்ட் கண்ணில் படாமலே போகும். நிறமேற்றிய ரத்த ஸ்மியருக்கு (ஸ்லைடில் மெல்லியதாகப் பரப்பிய ரத்தம்) மேலே ஏற்ற வேண்டும். எண்ணெய் 100 லென்ஸுக்கு மட்டும். 40 லென்ஸில் எண்ணெய் பட்டால் உடனே துடைக்க வேண்டும். துடைக்காமல் போனால் அடுத்த மாணவர் "ஸ்லைடு மங்கலா இருக்கு" என்று அரை நாள் தேடுவார்.

ரத்தம் எடுத்தல்: பிழைகள் பிறக்கும் இடம்

லேப் பிழைகளில் பெரும்பங்கு மெஷினுக்கு வெளியே, அதுவும் சாம்பிள் லேபுக்குள் வருவதற்கு முன்பே நடக்கிறது. ஆகவே இந்தப் பகுதியை மட்டும் சோம்பலில்லாமல் படியுங்கள்.

முதலில் பெயர். "நீங்கதான் முருகேசனா?" என்று கேட்காதீர்கள். காது மந்தமான பெரியவர் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். "ஐயா, உங்க பேரு, வயசு சொல்லுங்க" என்று கேட்டு, அவர் வாயால் சொன்னதைச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். அடுத்தது வெறும் வயிறு. "ஒண்ணும் சாப்பிடலை" என்று சொல்பவர் காலையில் சர்க்கரை போட்ட டீ குடித்திருப்பார். நம் ஊரில் டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது. டீ, காபி, கஞ்சி, மாத்திரை என்று தனித்தனியாகக் கேளுங்கள். சாப்பிட்ட பின் எடுக்கும் சர்க்கரைக்கு இரண்டு மணி நேரம் என்பது முதல் கவளத்திலிருந்து. கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல.

கையை இறுக்கும் பட்டையான டூர்னிகேவைக் குத்தும் இடத்திலிருந்து நாலு விரற்கடை மேலே கட்டுங்கள், ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிடுங்கள். நேரம் கூடினால் ரத்த நீர் திசுவுக்குள் கசிந்து, புரதமும் கால்சியமும் கூடுதலாகக் காட்டும். "கையை மூடி மூடித் திறங்க" என்று சொல்லும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். அது பொட்டாசியத்தை ஏற்றும். 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து அரை நிமிடம் காயவிட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், சிவப்பணுக்களும் உடையும். பெரியவர்களுக்கு 21 கேஜ் ஊசி, சரிவு 15 முதல் 30 டிகிரி. சலைன் ஏறும் கையில் எடுக்கவே கூடாது. டெக்ஸ்ட்ரோஸ் ஏறும் கையில் எடுத்த ரத்தம் சர்க்கரை 600 என்று காட்டும், மற்றதெல்லாம் நீர்த்துக் குறைந்திருக்கும். இன்னோர் உடனடி "சந்தேகி" அடையாளம் இது.

டியூப் வரிசை இப்படி: பிளட் கல்ச்சர் பாட்டில், இளநீல மூடி, சிவப்பு அல்லது மஞ்சள் மூடி, பச்சை மூடி, லாவெண்டர், கடைசியில் சாம்பல் மூடி. மனப்பாடம் செய்யாதீர்கள், காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிருமி கலக்கக்கூடாத பாட்டில் முதலில். சேர்மம் எதுவும் கலந்தால் கெட்டுப்போகும் உறைதல் பரிசோதனை அடுத்து. பிறகு சீரம். பொட்டாசியமும் ஈ.டி.டி.ஏ.வும் உள்ள லாவெண்டர் சீரத்துக்குப் பின்னால். நொதிகளைத் தடுக்கும் ஃப்ளோரைடு எல்லாவற்றுக்கும் கடைசி. சிரிஞ்சில் எடுத்துப் பிரித்து விடுவதானாலும் இதே வரிசைதான். ஊசியோடு அழுத்தி டியூபில் பீய்ச்சினால் அணுக்கள் உடைந்து சீரம் சிவக்கும், பொட்டாசியமும் அணுக்களுக்குள் இருக்கும் எல்.டி.எச். நொதியும் ஏறும்.

இளநீல டியூபில் சிட்ரேட் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு. 2.7 மி.லி. கோடு வரை நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிகுந்து, ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பி.டி. நீண்டு காட்டும். அதை நம்பி மருத்துவர் ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் அளவைக் குறைத்தால் நோயாளிக்கு ரத்தக்கட்டு வரலாம். "கொஞ்சம் கம்மியா இருக்கு, பரவாயில்லை" என்ற பேச்சு இந்த டியூபுக்கு மட்டும் செல்லாது. எடுத்ததும் இளநீலத்தை 3, 4 முறையும், லாவெண்டர், பச்சை, சாம்பலை 8 முதல் 10 முறையும் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்காதீர்கள். பெயர்ச் சீட்டை ரத்தம் எடுத்த பிறகு, நோயாளி எழுந்திருக்கும் முன், அவர் பக்கத்திலேயே ஒட்டுங்கள். முன்கூட்டியே ஒட்டி வரிசையாக அடுக்கிவைத்த டியூப்கள்தான் ஆள் மாறாட்டத்துக்கு ராஜபாட்டை.

சாம்பிள் காத்திருப்பதும் பிழைதான். பிரிக்காத ரத்தத்தில் அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுகொண்டிருக்கும், சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக. சாம்பல் டியூபின் ஃப்ளோரைடுகூட முழுமையாகத் தடுக்க ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும். அப்படியானால் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாமே என்று தோன்றும். பிரிக்காத டியூபைக் குளிரில் வைத்தால் அணுக்களின் சோடியம்–பொட்டாசியம் பம்ப் நின்று, பொட்டாசியம் வெளியே கசிந்து சீரத்தில் ஏறிவிடும். சீரம் சிவக்காது, அதனால் கண்ணுக்கும் தெரியாது. சரியான வழி: அரை மணி நேரம் உறையவிட்டுச் சுற்றிப் பிரித்து, பிறகு குளிரில் வைப்பது.

ஹெமடாலஜி

கவுன்ட்டர் மெஷின் எல்லா அணுக்களையும் எண்ணிவிடுகிறதே, கையால் எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடித் தகடான நியூபாவர் சேம்பர் எதற்கு என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். மெஷின் படுத்த இரவுக்கும், மூளைத் தண்டுவட நீரை எண்ணுவதற்கும் அது வேண்டும். வெள்ளணுக்களை எண்ண 0.02 மி.லி. ரத்தம், 0.38 மி.லி. டர்க் திரவம், ஆக 20 மடங்கு நீர்ப்பு. சேம்பரின் ஆழம் 0.1 மி.மீ., எண்ணுவது நாலு மூலையின் பெரிய சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மி.மீ. கணக்கைச் சுருக்கினால் எண்ணியதை 50-ஆல் பெருக்க வேண்டும். 140 வந்தால் 7000. மேல் கோட்டையும் இடக் கோட்டையும் தொடுவதை எண்ணுங்கள், கீழும் வலமும் விட்டுவிடுங்கள். திரவம் பள்ளத்தில் வழிந்துவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். நிரப்பியதும் இரண்டு நிமிடம் காத்திருந்தால் அணுக்கள் கீழே படியும்.

ஸ்மியருக்குச் சின்னத் துளி போதும். ஸ்ப்ரெடரை 30 முதல் 45 டிகிரியில் பிடித்துத் துளியைத் தொட்டு, அது விளிம்பு முழுக்கப் பரவியதும் ஒரே இழுப்பில் தள்ளுங்கள். நடுவில் தயங்கினால் வரி வரியாக விழும். ரத்தசோகை ரத்தம் தண்ணீராக ஓடும், அதற்குக் கோணத்தைக் கூட்டிச் சற்று வேகமாக இழுக்க வேண்டும். கெட்டியான ரத்தத்துக்குக் கோணத்தைக் குறைக்க வேண்டும். அடர்ந்த தலைப்பகுதியிலோ நுனி வாலிலோ எண்ணாதீர்கள். பெரிய அணுக்கள் வாலில் போய் ஒதுங்கும், வாலிலேயே வெள்ளணு வகைகளை எண்ணும் டிஃபரென்ஷியல் போட்டால் மோனோசைட்டும் நியூட்ரோஃபிலும் கூடுதலாக வரும்.

லீஷ்மன் நிறமி: நீர்க்காமல் இரண்டு நிமிடம், பிறகு அதன் இரு மடங்கு பி.எச். 6.8 பஃபர் நீர் சேர்த்து ஊதிக் கலந்து 7 முதல் 10 நிமிடம். எல்லாமே நீலமாகத் தெரிந்தால் தண்ணீர் காரமானது. போர்வெல் தண்ணீரில் கழுவும் லேப்களில் இது தினசரிக் காட்சி. எல்லாமே இளஞ்சிவப்பாக இருந்தால் பஃபர் அமிலமாகிவிட்டது. சிவப்பணுக்களுக்குள் பளபளவென்று புள்ளிகள் தெரிந்தால் ஸ்மியர் காயும் முன் நிறமி விட்டிருக்கிறீர்கள், அல்லது மெத்தனாலில் தண்ணீர் ஏறிவிட்டது. ஐப்பசி மழைக் காலத்தில் இரண்டும் நடக்கும். பழகாத கண் அந்தப் புள்ளிகளை மலேரியா என்று எழுதும். மலேரியாவுக்கான தடித்த ஸ்மியரை மெத்தனாலில் நிலைப்படுத்தக்கூடாது. ஹீமோகுளோபின் கரைந்து வெளியேறினால்தான் ஒட்டுண்ணி தெரியும்.

பயோகெமிஸ்ட்ரி: கன்ட்ரோல் வரைபடத்தை வாசிப்பது

சர்க்கரையின் கணக்கு எளிது. 505 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் ஸ்டாண்டர்டில் (அளவு தெரிந்த கரைசல்) 0.30, டெஸ்டில் 0.42, ஸ்டாண்டர்டின் அளவு 100 என்றால் விடை 140. கிட்டோடு வரும் குறிப்புச் சீட்டான கிட் இன்சர்ட் சொல்லும் உச்ச வரம்பைத் தாண்டினால் சலைனில் சம அளவு நீர்த்து மறுபடி போட்டு, இரண்டால் பெருக்க வேண்டும். அந்த இரண்டை மறப்பவர்கள்தான் அதிகம்.

இந்தப் பாடத்தின் உயிர், கன்ட்ரோலின் அளவை நாள்தோறும் புள்ளியாகக் குறிக்கும் லெவி–ஜென்னிங்ஸ் வரைபடம். 1950-இல் வந்தது, இன்றும் எல்லா லேபின் சுவரிலும் திரையிலும் இருக்கிறது. ஒரே கன்ட்ரோலைக் குறைந்தது 20 முறை ஓட்டிச் சராசரியும் எஸ்.டி.யும் எடுக்கிறீர்கள். சராசரி 100, எஸ்.டி. 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 94 முதல் 106 வரை இரண்டு எஸ்.டி., 91 முதல் 109 வரை மூன்று எஸ்.டி. இன்று 107 வந்தால் எச்சரிக்கை மட்டும். எல்லாம் சரியாக இருக்கும்போதே இருபதில் ஒன்று தற்செயலாக இப்படி விழும். 110 வந்தால் நிறுத்து. அடுத்தடுத்து இரண்டு முறை 106-க்கு மேலே ஒரே பக்கம் என்றாலும் நிறுத்து. ஒரே ஓட்டத்தில் ஒரு கன்ட்ரோல் மேலே இரண்டு எஸ்.டி. தாண்டி, இன்னொன்று கீழே இரண்டு எஸ்.டி. தாண்டினால் நிறுத்து. பத்து புள்ளிகள் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கம் என்றால், எல்லாமே எல்லைக்குள் இருந்தாலும், ஏதோ நகர்ந்திருக்கிறது. இவை 1981-இல் வெஸ்ட்கார்ட் வகுத்த விதிகளின் முக்கியப் பகுதி.

விதி மீறலின் பெயரை மட்டும் சொல்லி நிற்காதீர்கள், அது எந்த வகைப் பிழை என்று சொல்லப் பழகுங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து சாய்ந்தால் காலிபரேஷன், ரீஏஜென்ட் லாட் மாற்றம், வயதான விளக்கு. மேலும் கீழும் சிதறினால் குமிழி, தளர்ந்த டிப், மின்சார ஏற்ற இறக்கம். கன்ட்ரோல் சரியாக வரும்வரை மறுபடி மறுபடி ஓட்டி, வந்ததை மட்டும் எழுதிவைப்பது பல இடங்களில் நடக்கிறது. தெர்மாமீட்டரை உதறி உதறிக் காய்ச்சலைக் குறைப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. காரணம் தேடி, திருத்தி, அதையும் பதிவேட்டில் எழுதிய பிறகே நோயாளி சாம்பிள்.

இதற்கு வெளியே இன்னொரு காவல் உண்டு: வெளித் தர மதிப்பீடு. வேலூர் சி.எம்.சி. நடத்தும் பயோகெமிஸ்ட்ரி திட்டத்தில் நாடெங்கும் உள்ள லேப்கள் சேர்ந்து, மதிப்பு சொல்லப்படாத சாம்பிள்களைப் பரிசோதித்து விடை அனுப்புகின்றன. உங்கள் கல்லூரி லேபின் மதிப்பெண் தாளைப் பார்க்கக் கேளுங்கள்.

மைக்ரோபயாலஜியும் ரத்த வங்கியும்

கிருமிகளைப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் கிராம் நிறமேற்றத்தில் எல்லாம் தோற்பது ஒரே படியில்: நிறம் நீக்குவது. கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், அசிட்டோன்–ஆல்கஹால் சில நொடிகள், சஃப்ரனின் அரை நிமிடம். அந்தச் சில நொடிகள் கூடினால் பாசிட்டிவ் கிருமி நெகட்டிவாகத் தெரியும், குறைந்தால் மறுதலை. தெரிந்த ஸ்டஃபைலோகாக்கஸையும் ஈ.கோலையையும் அதே ஸ்லைடின் ஓரத்தில் பூசிக்கொண்டால் சந்தேகம் வராது. காசநோய்ச் சளிக்குச் செய்யும் ஜீல்–நீல்சனில் கார்பால் ஃபுக்சினை ஆவி வரச் சூடாக்கி 5 நிமிடம், 25 சதவீத சல்ஃப்யூரிக் அமிலம் 2 முதல் 4 நிமிடம், மெத்திலீன் நீலம் அரை நிமிடம். கொதிக்கவோ காயவோ விடக்கூடாது. காய்ந்த சாயப் படிகங்கள் சிவப்புக் குச்சிகளாகத் தெரிந்து ஏமாற்றும். எச்சிலைக் கொண்டுவந்து சளி என்று கொடுப்பார்கள். திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். பிளட் கல்ச்சருக்குப் பெரியவர்களிடம் பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வேண்டும், 2 மி.லி. போட்டால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம்.

ரத்த வகையில் ஒரு பாடம் நம் நாட்டிலேயே பிறந்தது. 1952-இல் பம்பாயில் பெண்டேவும் சகாக்களும் விவரித்த பாம்பே வகை. இவர்களின் சிவப்பணுவில் ஏ, பி மட்டுமல்ல, அடிப்படையான எச் ஆன்டிஜெனும் இல்லை. டைலில் ஆன்டி–ஏ, ஆன்டி–பி விட்டால் இரண்டிலும் திரளாது. அங்கேயே நிறுத்தினால் "ஓ" என்று எழுதிவிடுவீர்கள். நோயாளியின் சீரத்தை ஏ, பி, ஓ அணுக்களோடு தனித்தனியாகக் கலக்கும் ரிவர்ஸ் குரூப்பிங்கில் ஓ அணுவும் திரண்டால் உடனே கை நிற்க வேண்டும். சாதாரண ஓ வகைக்காரர் சீரம் ஓ அணுவைத் திரட்டாது. பாம்பே வகைக்காரருக்கு ஓ ரத்தம் ஏற்றினாலே அணுக்கள் உடையும். இன்னொரு பாம்பே வகைக்காரர் ரத்தம்தான் வேண்டும். ஃபார்வர்டும் ரிவர்ஸும் ஒத்துப்போகாத வரை வகையை எழுதாதீர்கள்.

ஹிஸ்டோபேத்தாலஜி தனிக் கலை. திசுவை மெல்லிய சீவலாக வெட்டும் மைக்ரோடோமில் 3 முதல் 5 மைக்ரான் நாடா இழுக்கக் கை பழக வேண்டும். மாணவராக முதலில் கவனிக்க வேண்டியது வாளி: திசுவைப் போலப் பத்து மடங்காவது 10 சதவீத ஃபார்மலின் இருக்கிறதா, இல்லை யாராவது சலைனில் போட்டு அனுப்பிவிட்டார்களா?

உங்கள் உடம்பு

வார்டுக்குள் போவதற்கு முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி: இன்று, ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி வந்ததைக் காட்டும் ஆன்டி–எச்.பி.எஸ். பார்த்து 10-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஊசி குத்திவிட்டால் பிதுக்காதீர்கள்; சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு உடனே மேலாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணிக்குள் தொடங்க வேண்டும். திட்டுவார்களே என்று மறைப்பதுதான் மோசம். பெரும்பாலான குத்துகள் ஊசிக்கு மூடி போடும்போது நடக்கின்றன, மூடியே போடாதீர்கள். 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிப்படி ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில், ஊசியில்லாச் சிரிஞ்சும் பிளாஸ்டிக் டியூபும் கையுறையும் சிவப்பில், ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளில், கண்ணாடி நீலத்தில்.

படிக்கும் முறை

பல்கலைத் தேர்வு கேட்பது தத்துவம், செய்முறை, இயல்பு அளவு. அதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். அதோடு நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பிழை நோட்டு என்று வையுங்கள். ஒரு பரிசோதனைக்கு ஒரு பக்கம். எதெல்லாம் இந்த எண்ணைப் பொய்யாக ஏற்றும், எதெல்லாம் இறக்கும், அப்போது கூடவே வேறு எந்த எண் மாறும், சீரத்தின் நிறம் எப்படி இருக்கும். பொட்டாசியம் பக்கத்தில் மட்டும் ஐந்து காரணங்கள் தேறும்: ஈ.டி.டி.ஏ. கலப்பு, அணுச் சிதைவு, கை மூடித் திறத்தல், ஃபிரிட்ஜில் வைத்த பிரிக்காத டியூப், பிரிக்காமல் நெடுநேரம் கிடந்த டியூப். ஈ.டி.டி.ஏ. என்றால் கால்சியம் இறங்கும். அணுச் சிதைவு என்றால் சீரம் சிவக்கும். ஃபிரிட்ஜ் என்றால் இரண்டும் நடக்காது. இப்படிப் பிரித்துச் சொல்லும் மாணவரிடம் வைவாவில் அடுத்த கேள்வி வராது.

இன்டர்ன்ஷிப்பும் அதற்குப் பிறகும்

இன்டர்ன்ஷிப்பில் பல இடங்களில் மாணவர்களை ரத்தம் எடுக்க மட்டும் நிறுத்திவிடுவார்கள், மலிவான ஆள் என்பதால். எல்லாத் துறையிலும் சுழற்சி உங்கள் உரிமை. தேதி போட்ட லாக் புத்தகத்தில் துறைத் தலைவர் கையெழுத்தை மாதாமாதம் வாங்குங்கள், கடைசி வாரத்தில் மொத்தமாக அல்ல. இரவு ட்யூட்டியைத் தவிர்க்காதீர்கள். அவசர சாம்பிள், தனியாள், படுத்த மெஷின் எல்லாம் அங்கேதான். பொட்டாசியம் 6.8, சர்க்கரை 38 போன்ற ஆபத்து எண் வந்தால் சாம்பிளைச் சரிபார்த்து, வார்டுக்கு போன் போட்டு, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிப் படிக்கச் சொல்லி, அவர் பெயரும் நேரமும் எழுதிவைக்க வேண்டும். லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரம் கேட்பதும் இப்படிப்பட்ட பதிவுகளைத்தான். அதன் சொற்களைப் பழகியவருக்குப் பெரிய லேப்களின் நேர்காணல் எளிது.

அரசு லேப் டெக்னீஷியன் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி.யின் அறிவிக்கையைப் பாருங்கள். கல்வித் தகுதி வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். சில பதவிகள் குறிப்பிட்ட சான்றிதழையோ டிப்ளமோவையோ பெயர் சொல்லிக் கேட்கும், "நான் பட்டதாரி, அதைவிட மேல்" என்ற வாதம் அங்கே எடுபடாது. ரயில்வேயும் பாராமெடிக்கல் பிரிவில் லேப் ஆட்களை எடுக்கிறது. எம்.எஸ்சி. எம்.எல்.டி. முடித்தால் கற்பிக்கலாம். மெஷின் விற்கும் கம்பெனிகளில் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் வேலை இருக்கிறது. ஊர் சுற்றப் பிடிக்க வேண்டும்.

வளைகுடா போக நினைப்பவர்கள் முதல் வேலையில் சேரும் அன்றே காகிதத்தைத் தொடங்க வேண்டும். துபாய், சவூதி போன்ற இடங்களில் உரிமத் தேர்வு எழுத வேண்டும், கூடவே டேட்டாஃப்ளோ என்ற ஆவணச் சரிபார்ப்பும் உண்டு. அவர்கள் கல்லூரிக்கும் பழைய மருத்துவமனைக்கும் நேரடியாக எழுதிக் கேட்பார்கள். அனுபவச் சான்றிதழில் பதவியின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, துறை நாலும் இருக்க வேண்டும். "நல்லொழுக்கம் உள்ளவர்" என்ற ஒரு வரிச் சான்று பயன்படாது. உங்கள் பெயரின் இனிஷியல் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பட்டத்திலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மாறியிருந்தால் படிக்கும்போதே திருத்துவது சுலபம்.